யோகனுக்குப் பூசிய வர்ணம்

படியில் ஏறும்போதே பெயின்ற் மணந்தது.

பழைய வீடுகளுக்கென்று ஒரு மணம் இருக்கிறது. ஈரச் சுண்ணாம்பு, எலிப்புழுக்கை, ஊறிப்போன மரம், எப்போதோ எரிந்த அடுப்பின் புகை எல்லாம் சேர்ந்த மணம். சில கிழமைகளுக்கு முன் இதே படியில் ஏறியபோது அதுதான் இருந்தது. அன்றைக்கு அதை அமுக்கிக்கொண்டு புதுப் பெயின்ற் மணம் இறங்கி வந்தது.

எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர் பிறவ் கெல்லர். பிறவ் என்றால் இங்கே திருமதி. அந்த மாவட்டத்தின் பழங்கட்டடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி. அவரும் மணத்தைப் பிடித்துவிட்டார். நின்று திரும்பி, "மேலே யாராவது வேலை செய்தார்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். வீட்டுக்காரர் தெரியாது என்று கையை விரித்தார்.

மேலே, மண்டப வாசலில், ஞானம் அண்ணை நின்றார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. காலடியில் ஒரு நிறைகுடம், ஒரு குத்துவிளக்கு. கையில் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல்.

"வாங்கோ, வாங்கோ," என்றார். "எல்லாம் ஆயத்தம்."

போன கிழமை நான் எழுதிய யன்னல் தொழிற்சாலைக் கதையைப் படித்து வயிறு நோகச் சிரித்ததாக ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் இந்தக் கிழமை இந்தப் பக்கத்தைத் தட்டிவிட்டுப் போனால் எனக்கு மனவருத்தம் இல்லை. இதில் சிரிக்க அதிகம் இல்லை.

சத்திரமும் நாங்களும்

அந்த வீடு ஒரு காலத்தில் குதிரைத் தபால் வண்டிகள் நிற்கும் சத்திரமாக இருந்ததாம். கீழே கல், மேலே மரச்சட்டமும் களிமண்ணும். மேல்மாடியில் ஊரவர்கள் நடனமாடிய பெரிய மண்டபம். நாங்கள் போனபோது நடனமும் இல்லை, குதிரையும் இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டை மாவட்ட நிர்வாகம் வாடகைக்கு எடுத்து எங்களை அதற்குள் விட்டது.

எண்பதுகளின் பின்பாதி. ஊர்ச் சண்டைக்குத் தப்பி, கிழக்கு பெர்லினால் ஜெர்மனிக்குள் வந்து, முகாம் முகாமாகத் தள்ளுப்பட்டு, கடைசியில் ஒரு மழைநாளில் ஒரு பஸ் எங்களை அந்தக் கிராமத்துத் தேவாலயத்துக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போனது. எல்லாரும் இளந்தாரிகள். யன்னல் சீலைகள் ஒவ்வொன்றாக அசைந்ததைப் பார்த்தேன். ஒருவரும் வெளியே வரவில்லை.

மண்டபத்தை ஒட்டுப்பலகையால் மறித்து அறைகள் ஆக்கியிருந்தார்கள். பலகை கூரை வரை போகவில்லை. ஒருவன் தும்மினால் பத்துப் பேர் திட்டுவார்கள். வடக்குப் பக்கத்து நீளச் சுவர் மட்டும் மறிக்கப்படாமல் எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்தது. அதற்கு முன்னால்தான் விறகடுப்பு. அங்கேதான் சமையல், அங்கேதான் சண்டை, அங்கேதான் வானொலி.

அகதி மனு முடிவாகும் வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று சட்டம். இன்றைக்கும் அந்த எல்லை எனக்கு மனப்பாடம். ஆற்றுப் பாலத்தில் பாதி எங்கள் பக்கம், பாதி வேறு மாவட்டம். நாங்கள் பாலத்தின் நடுவில் போய் நின்று சிகரெட் குடித்துவிட்டுத் திரும்புவோம்.

சமையலுக்குப் பொறுப்பு ஞானம் அண்ணை. எங்களில் வயது கூடியவர், கல்யாணம் கட்டியவர், சாமி கும்பிடுகிறவர். நிர்வாகம் தந்த உணவுப் பொதிகளில் வந்த தகரத்து இறைச்சியையும் புளிக்கவைத்த முட்டைக்கோவாவையும் வைத்து மனிதன் எப்படியோ ஒரு கறி வைப்பார். சாப்பிடாமல் படுத்தவனை எழுப்பித் தீத்தாத குறையாகச் சாப்பிட வைப்பார்.

சுவரில் வந்த ஆட்கள்

யோகன் எங்களில் இளையவன். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டும் போக முடியாதவன். ஒரு நாள் அடுப்பிலிருந்து பாதி எரிந்த ஒரு விறகுக் கரியை எடுத்து, வடக்குச் சுவரில் ஞானம் அண்ணையைப் படமாகக் கீறினான். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்க முன் மனிதன் சுவருக்கு வந்துவிட்டார். மீசை, இரட்டை நாடி, புகைக்குச் சுருங்கிய கண் உட்பட.

"எனக்கு இவ்வளவு நாடியோடா இருக்கு?" என்று ஞானம் அண்ணை கோபப்பட்டார்.

"இருக்கிறதைத்தான் அண்ணை கீறினனான்," என்றான் யோகன்.

அதுதான் அவன். ஒருவனையும் வடிவாக்க மாட்டான். என் மாறுகண்ணையும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் என்று பக்கத்தில் பக்கத்தில் கீறிக்கொண்டு போனான். அரசாங்கக் கந்தோர் வாசலில் வரிசையில் நிற்கிற மாதிரி நாங்கள் எல்லாரும் சுவரில் நின்றோம். கரி உதிராமல் இருக்க, கீழே இருந்த பராமரிப்பாளரின் மனைவியிடம் தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரே இரந்து வாங்கி அடித்தான். அந்த அம்மா எங்களுக்குத் தந்த ஒரே பொருள் அதுதான்.

கடைசியாகத் தன்னைக் கீறினான். சவரக் கண்ணாடியைச் சுவரில் ஆணியடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கீறினான். ஒட்டின கன்னம், ஒரு பக்கம் கொஞ்சம் மேலே இழுத்த உதடு. சொல்லத் தெரிகிறது. சொல்லுக்குப் பின்னால் இருந்த முகம்தான் இப்போது வரமாட்டேன் என்கிறது.

அவனுடைய மனு தள்ளுபடியானது. மேன்முறையீடும் தள்ளுபடியானது. அந்த மாரி முழுக்க அவன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஞானம் அண்ணை கோப்பையோடு பின்னால் திரிவார். அவன் "பிறகு அண்ணை" என்பான். ஒரு காலையில் படுக்கை வெறுமையாக இருந்தது. உடுப்புப் பை இருந்தது, சப்பாத்து இல்லை. பனி கரைந்த பிறகு, பாலத்துக்குக் கீழே அணைக்கட்டில் அவனைக் கண்டெடுத்தார்கள். தவறி விழுந்தானா, இறங்கினானா என்று எவரும் சொல்லவில்லை. எங்களுக்கு முகம் காட்டவும் இல்லை. காட்ட ஏதும் இல்லை என்றார்கள்.

பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தோம். நான் கொலோனுக்குப் போனேன். ஞானம் அண்ணை மட்டும் அந்தக் கிராமத்திலேயே பாண், ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தில் வேலை எடுத்து, குடும்பத்தைக் கூப்பிட்டு, அங்கேயே தங்கிவிட்டார். ஏன் என்று கேட்டால், "பெடியன் இங்கை எல்லோ கிடக்கிறான்," என்பார்.

பாதுகாக்கப்பட்டவை

அரசு பாதுகாக்கிற பழைய கட்டடத்துக்கு இங்கே டெங்க்மால் என்று பெயர். சுவரில் ஒரு சின்னத் தகடு இருக்கும். தகடு ஏறிவிட்டால் உங்கள் வீடே உங்களுக்குச் சொந்தமில்லாத மாதிரித்தான். கேளாமல் ஓடு மாற்ற முடியாது, நிறம் மாற்ற முடியாது. பிளாஸ்டிக் யன்னல் போட்டால் அது கொலைக் குற்றத்துக்குக் கொஞ்சம் கீழே. நான் வேலைசெய்த காலம் முழுக்கப் பிளாஸ்டிக் யன்னல்தான் செய்தவன். அவர்களுடைய கணக்கில் நான் போகப்போகிற இடம் நரகம்.

அந்த மாவட்டத்தில் என்னவெல்லாம் டெங்க்மால் என்று நீங்கள் கேட்க வேண்டும். நீரால் சுற்றும் மாவாலை, ஊருக்குப் பொதுவான பாண் சூளை, தேவாலயத்துக்கு வரி நெல் சேர்த்த களஞ்சியம்… நெல் இல்லை, கோதுமை. பழக்கதோசம். ஒரு புறாக்கூடு. கள்ளரைத் தூக்கிலிட்ட மேட்டில் நிற்கும் தூண்கள். யூதர்களின் இடுகாடு ஒன்று, சுற்றி மதில், வாசலில் பூட்டு. அந்தக் கற்களில் உள்ள பெயர்களின் சொந்தக்காரர் ஒருவரும் இப்போது ஊரில் இல்லை. வயல்களுக்கு நடுவில் பாசி பிடித்து நிற்கிற பழைய எல்லைக் கற்கள் கூட டெங்க்மால்தான். நாங்கள் தாண்டக் கூடாதிருந்த எல்லையை அவ்வளவு பக்குவமாக வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவையும் வைத்திருக்கிற மாவட்டத்தில் யோகனுடைய ஒரு படம் இல்லை.

நான் தேடாமல் இதை எழுதவில்லை. வெளிநாட்டவர் கந்தோரில் கேட்டேன். அவனுடைய அடையாள அட்டையில் ஒரு படம் இருந்தது எனக்குத் தெரியும். இத்தனை வருடத்துக்கு மேல் கோப்புகளை வைத்திருப்பதில்லை, அழித்துவிடுவோம் என்றார் அங்கிருந்த இளைஞர். மரியாதையாகத்தான் சொன்னார். எங்களிடம் அப்போது கமரா இல்லை. இருந்திருந்தாலும் தகரத்து இறைச்சியோடு யார் படம் எடுப்பான்?

இந்தத் தேடலை ஆரம்பித்து வைத்தது யோகனின் தங்கை மலர். கிளிநொச்சியில் இருக்கிறாள். அவன் நாட்டைவிட்டு வெளிக்கிடும்போது அவளுக்கு நாலு வயது. வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் கடைசி இடம்பெயர்வில் ஒரு பெட்டியோடு போய்விட்டன. எப்படியோ ஞானம் அண்ணையைக் கண்டுபிடித்து, அவர் மூலம் என்னைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணா, எனக்கு அவரின்ரை முகம் தெரியாது," என்றாள் முதல் நாளே. "அம்மாவும் செத்துப்போனா. கேக்க ஒருத்தரும் இல்லை. ஒரு படம் எண்டாலும் எடுத்துத் தருவியளோ?"

பார்ப்போம் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், பார்க்க ஒன்றும் இல்லை என்று. சுவரை நான் மறந்தே போனேன். அந்த வீட்டில் பிறகு வந்தவர்கள் சுவருக்கு மேலால் பலகை அடித்து மூடிவிட்டதாக ஞானம் அண்ணை எப்போதோ சொல்லியிருந்தார். மூடியது போனது என்று நினைத்துக்கொண்டேன்.

அலுமாரிக்குப் பின்னால்

சத்திரத்தை நகரத்து மனிதர் ஒருவர் வாங்கினார். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற எண்ணம். மேலே பலகைகளைக் கழற்றியபோது கறுப்பு மீசையோடு ஒரு முகம் அவரைப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. அவர் வெதுப்பகத்துக்குப் போய், "இவர்கள் உங்கள் ஆட்கள் மாதிரி இருக்கிறார்கள், வந்து பார்க்கிறீர்களா?" என்று ஞானம் அண்ணையைக் கேட்டார். இவர் போய்ப் பார்த்தால், முதல் முகம் அவருடையது.

அன்றைக்கு அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தபோது பேச்சு வரவில்லை. அழுகை மட்டும்தான் வந்தது. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமையே போனேன். ஆறு முகங்கள் வெளியே தெரிந்தன. என் மாறுகண்ணும் தெரிந்தது. மற்றவர்கள் இன்னும் பலகைக்குப் பின்னால். அந்தப் பலகையோடு சேர்த்து ஒரு பெரிய அலுமாரியை அடித்திருந்தார்கள். யோகன் வரிசையில் கடைசி. அலுமாரிக்குப் பின்னால் அவன் இருக்கிறான் என்று எனக்கு அச்சொட்டாகத் தெரியும். கையை வைத்துப் பார்த்தேன். மரம் குளிராக இருந்தது.

டெங்க்மாலில் ஏதாவது கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் அறிவித்தார். பிறவ் கெல்லர் வந்தார். மெலிந்த, நரைத்த பெண்மணி. பழைய சுவர்களைப் பராமரிக்கப் படித்தவர். பூதக்கண்ணாடியை வைத்து ஞானம் அண்ணையின் மீசையை வெகு நேரம் பார்த்தார். ஒவ்வொரு முகத்தையும் படம் எடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இந்த மாவட்டத்தில் உங்கள் காலத்துக்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை," என்றார். வீட்டுக்காரரின் திட்டப்படி அந்தச் சுண்ணாம்புப் பூச்சு முழுவதையும் உரித்து உள்ளே இருக்கிற மரத்தைக் காட்டுவதாக இருந்தது. இந்தக் கோடுகளும் சத்திரத்தின் வரலாறுதான், மற்றதையும் பார்த்து உறுதிசெய்தால் பூச்சை உரிக்க விடமாட்டேன் என்றார்.

நான் யோகனைப் பற்றிச் சொன்னேன். மலரைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுமாரியைத் தானே பக்குவமாகக் கழற்றுவதாகவும், கழற்றியதும் முதல் படம் அந்தத் தங்கைக்குத்தான் என்றும் சொல்லி, ஒரு திகதி குறித்தார்.

"அதுவரை எதையும் தொட வேண்டாம்," என்றார்.

ஞானம் அண்ணை பெரிதாகத் தலையாட்டினார். வீட்டைக் காற்றாட விட வசதியாக, பக்கத்தில் இருக்கிறவர் என்று, வீட்டுக்காரர் பூட்டுத் திறப்பு ஒன்றை அவரிடம் கொடுத்திருந்தார்.

அன்றிரவே மலருக்குச் சொன்னேன், அண்ணன் சுவரில் இருக்கிறான், படம் வரும் என்று. அவள் நாட்களை எண்ணத் தொடங்கினாள்.

பன்னிரண்டு வருசத்துக்கு ஒருக்கா

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஞானம் அண்ணையைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவர் வீட்டுக்குக் கிட்டத்து நகரத்தில் எங்கள் ஆட்களுடைய ஒரு கோயில் உண்டு. முன்பு தரைவிரிப்புக் கிட்டங்கியாக இருந்த கட்டடம். அங்கே அவர்தான் எல்லாம். மாலை கட்டுவது, மடைப்பள்ளி, சாமி தூக்குவது. இங்கே பெயர்போன ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் அவருடைய கண் கூட்டத்தில் இருக்காது. சுற்றியிருக்கிற சிற்பங்களின் நிறத்தில்தான் இருக்கும்.

அவருடைய கோயிலில் கும்பாபிசேகம் வந்தபோது நான் உதவிக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பாலஸ்தாபனம் செய்து, சுதைச் சிற்பங்களுக்கெல்லாம் புது வர்ணம் தீட்டுகிறோம் அல்லவா? ஞானம் அண்ணை சாரம் கட்டி ஏறி, துவாரபாலகருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். ஈரத் துணியால் முதலில் பழைய தூசியைத் துடைப்பார். பிறகு முகத்துக்கு நிறம். கடைசியாகக் கண். கண் வைக்கும்போது மூச்சு விடமாட்டார். வைத்து முடித்ததும் இறங்கி வந்து, கீழே விழுந்து கும்பிடுவார்.

பழைய நிறம் எங்கே போனது என்று எங்களில் ஒருவரும் கேட்பதில்லை. மங்கிப்போன சாமியை மங்கியபடியே விடுவதுதான் எங்களுக்கு அவமரியாதை. அன்பிருந்தால் புதுப்பிப்போம். பிறவ் கெல்லரின் ஆட்கள் அன்பிருந்தால் தொடமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன், ஒரு தடவை கூட இதை யோசித்ததில்லை.

பொங்கல் கிண்ணம்

இனி அந்தப் படிக்கு வருகிறேன்.

மண்டபத்துக்குள் போனதும் அலுமாரியைக் காணவில்லை. பலகைகளைக் காணவில்லை. தரை கழுவியிருந்தது. வடக்குச் சுவரில் நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். மாநிறத் தோலோடும், சிவந்த உதட்டோடும், வெள்ளை வெளேரென்ற கண்ணோடும் நின்றோம். எல்லாருக்கும் நெற்றியில் திருநீறு. என் மாறுகண் நேராகியிருந்தது. கடைசியில் யோகன். உருண்ட கன்னம், வில் மாதிரிப் புருவம், காலண்டர் முருகனின் புன்சிரிப்பு. அவனுக்கு மட்டும் ஒரு பூமாலை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தது.

நான் ஓர் அடி பின்னால் வைத்தேன்.

"எப்பிடி?" என்றார் ஞானம் அண்ணை. "நாலு நாள் லீவு எடுத்தனான். பெடியன் ஒரேயடியாய் மங்கிப்போய்க் கிடந்தவன், தம்பி. பூஞ்சணம் பிடிச்சு, அரைவாசி முகம் இல்லை. அந்தக் கோலத்தில இந்த மனிசிக்குக் காட்டேலுமே?"

ஞானம் அண்ணை பிறவ் கெல்லரின் கையில் பொங்கல் கிண்ணத்தை வைத்தார். அவர் அதைப் பிடித்தபடியே சுவர் வரை போனார். கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பூதக்கண்ணாடியை எடுத்தார். யோகனின் கன்னத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முதுகு மெல்ல மெல்லத் தணிந்தது.

"கீழே இருப்பதை எடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முதலில் ஈரத் துணியால் துடைத்திருக்கிறார்," என்றார். "அதில் எவ்வளவு போனது என்று தெரியாது. மிச்சக் கரி இந்தப் பெயின்ற்றோடு ஒட்டிவிட்டது. இதை எடுத்தால் அதுவும் வரும்."

"கொஞ்சமாவது?"

"இல்லை," என்றார். பிறகு இன்னொரு தடவை, கண்ணில் நீர் வழிய, "மன்னித்துக்கொள்ளுங்கள், இல்லை," என்றார்.

நான் ஞானம் அண்ணையிடம் திரும்பினேன். "பலகையைக் கழட்டின உடனை ஒரு படம் எடுத்தனீங்களோ? துடைக்க முன்னம்?"

"அந்தக் கோலத்தில ஏன் படம் எடுப்பான்?" என்றார். "செத்தவீட்டுப் படம் மாதிரி எல்லோ இருக்கும். முடிச்சாப் பிறகுதான் எடுத்தனான். வடிவாய் வந்திருக்கு, பார்."

எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். கை நீளவும் செய்தது. அவருடைய விரல் நகங்களுக்குள் இன்னும் மாநிறப் பெயின்ற் இருந்தது. முழங்கால் இரண்டிலும் வேட்டிக்கு மேலால் தைலம் மணத்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்த ஆறு முகங்களையும் பிறவ் கெல்லர் முன்பே படம் எடுத்திருந்தார். என் முகம் அதில் பத்திரமாக இருக்கிறது. உயிரோடு இருந்து, ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் பார்க்கிற என் முகம். அது யாருக்கு வேண்டும்?

வெதுப்பக வாசலில்

திரும்பும் வழியில் ஞானம் அண்ணையை வீட்டில் இறக்கிவிட வேண்டியிருந்தது. வெதுப்பகத்துக்கு முன்னால் நிற்கச் சொன்னார்.

"அந்த மனிசி ஏன் தம்பி அழுதது?"

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். யோகனின் கையால் வந்த கோடுதான் பெறுமதி, நிறம் இல்லை. அந்தக் கோடு இனி இல்லை. அதனால் சுவருக்குப் பாதுகாப்பும் இல்லை, பூச்சை உரிக்க அனுமதி கொடுத்துவிடுவார்கள். சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளிறியது.

"தொட வேண்டாம் எண்டு சொன்னவ," என்றார். "நான் நினைச்சன், உடைக்க வேண்டாம் எண்டு சொல்லுறா எண்டு. துடைக்கிறது தொடுறதே தம்பி? சாமிக்கே செய்யிறம்."

நான் கார் எஞ்சினை நிறுத்தினேன்.

"நான் அவனை அழிச்சுப்போட்டனோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கதவைத் திறந்து இறங்கி, சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகாமல் பாலத்துப் பக்கம் நடந்தார். நான் காரை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவருடைய மனைவி வரும்வரை அவருடைய குசினியில் இருந்தேன். இரண்டு பேரும் தேத்தண்ணியைத் தொடவில்லை.

மாரி தொடங்க முன் பூச்சை உரித்துவிட்டார்கள். யோகன் நின்ற இடத்தை மட்டும் ஒரு துண்டாக வெட்டித் தரச்சொல்லி ஞானம் அண்ணை போய்க் கேட்டாராம். வேலையாட்கள் நல்ல மனிதர்கள், வெட்டிப் பார்த்தார்கள். பழைய சுண்ணாம்பு கையிலேயே உதிர்ந்துவிட்டது. இப்போது அந்தச் சுவரில் மரம் அழகாகத் தெரிகிறதாம். வாசலில் தகடும் இருக்கிறது.

மலர் கேட்டது

அந்தப் படியிறங்கி வந்த பிறகு, மலருக்கு எப்படிச் சொல்வது என்று நான் ஒரு கிழமையாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனை வீண் போயிற்று. வர்ணம் காய்ந்த அன்றே, நாங்கள் படியேறுவதற்கு முன்பே, ஞானம் அண்ணை படத்தை அவளுக்கு அனுப்பிவிட்டார்.

அவள் வீடியோவில் வந்தாள். பின்னால் சுவரில் யோகனின் படம் தொங்கியது. பெரிதாக்கி, சட்டம் போட்டிருந்தாள், முன்னால் மின்சார விளக்கு எரிந்தது. பக்கத்தில் தாயின் படம். அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெருப்பித்தது. எலும்பு தெரியும் முகம், ஒட்டின கன்னம்.

"அண்ணா, உங்களிட்டை ஒண்டு கேக்க வேணும்," என்றாள். "ஞானம் மாமா இப்பெல்லாம் போன் எடுத்தாலும் கதைக்கிறார் இல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

"கேளுங்கோ தங்கச்சி."

"எங்கடை வீட்டில அம்மாவுக்கு, அப்பாவுக்கு, எனக்கு, எல்லாருக்கும் ஒட்டின கன்னம். அண்ணாவுக்கு மட்டும் எப்பிடி இவ்வளவு சதை?" அவள் தாயையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது அவர்தானோ?"

நான் கண்ணை மூடினேன். அடுப்படியில், தன்னுடைய கோப்பையை ஒதுக்கிவிட்டு இருந்தவனை வரவழைக்கப் பார்த்தேன். அடுப்பு வந்தது, கோப்பை வந்தது. முகத்துக்கு வந்தபோது சிவந்த உதடும் வில் புருவமும்தான் வந்தன. வேறு ஒன்றும் வரவில்லை.

"அவன்தான்," என்றேன். "இங்கை வந்து கொஞ்சம் உடம்பு வைச்சவன்."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். முகம் முழுக்க ஒரு ஆறுதல்.

"அப்ப நல்லாய்ச் சாப்பிட்டிருக்கிறார்," என்றாள். "அம்மா சாகுமட்டும் அது ஒண்டைத்தான் அண்ணா கேட்டுக்கொண்டிருந்தவ."

"ஓம்," என்றேன். "நல்லாய்ச் சாப்பிட்டவன்."